அதே வீட்டுக்கு மறுபடியும்

1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட ஒரு குடும்பம், அதற்கு முன் எதில் சீவித்தது, பிறகு எப்படிச் சமாளித்தது? அரச புள்ளிவிபரத்தில் தேடினால் விடை கிடையாது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வு 1990/91இல் வடக்குக் கிழக்கை விட்டுவிட்டது. 2006/07இலும் வடக்கு இல்லை. 2009/10இல் யாழ்ப்பாணம் சேர்ந்தது. 25 மாவட்டங்களும் சேர்ந்தது 2012/13இல்தான். அத்தனை காலமும் 'இலங்கையின் வறுமை' என்று உலகம் வாசித்த கணக்கில் நாங்கள் இல்லை.

இப்போது இருக்கிறோம். ஆனால் அந்த ஆய்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு வீடுகளைத் தெரிவுசெய்கிறது. வறுமை குறைந்ததா என்று அது சொல்லும். குறைந்தது யாருடையது என்று சொல்லாது. அதற்கு அதே வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும். லண்டனில் இருந்து இயங்கிய 'பாதுகாப்பான வாழ்வாதார ஆய்வுக் கூட்டமைப்பு' 2012இலும் 2015இலும் அதைத்தான் செய்தது: யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மாவட்டங்களில், அதே வீடுகளில். கொங்கோ, நேபாளம், பாகிஸ்தான், உகண்டாவிலும் இதே முறையில் கேட்டதால், போருக்குப் பிந்திய வாழ்க்கையை நாட்டுக்கு நாடு ஒப்பிட முடிந்தது.

சிக்கல் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும். 'வீட்டில் எத்தனை பேர்?' ஒன்றாக இருந்து, ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்களே குடும்பம் என்பது பொதுவான வரையறை. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: அம்மாவும் கடைசி மகளும் பருத்தித்துறையில். மூத்தவன் ரொறன்ரோவில், மற்றவன் சூரிச்சில். தாளில் இரண்டு பேர். கூரை மாற்றிய காசு, மகளின் சீதனக் காசு எல்லாம் தாளில் இல்லாத இருவருடையது. அமெரிக்காவில் 1968இல் ஏறத்தாழ 5,000 குடும்பங்களுடன் தொடங்கிய மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, தனிக்குடித்தனம் போன பிள்ளைகளையும் விடாமல் தொடர்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அதுதான் பொருந்தும். கடல் தாண்டித் தொடரச் செலவு பிடிக்கும், உண்மைதான்.

திரும்பப் போக வேண்டிய தேவை 2015உடன் முடியவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. மீனவருக்கு அது இயந்திரம் ஓடும் எண்ணெய். யார் நகையை அடகு வைத்தார், யார் படகையே விற்றார், யார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்? மாவட்டச் சராசரியில் இந்த மூன்று வீடுகளும் ஒன்றுதான். அந்தக் கூட்டமைப்பு 2012இல் கேட்ட கரையோர வீடுகளுக்கே திரும்பப் போனால் பிரித்தறியலாம். லண்டன் காசுக்குக் காத்திராமல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சிறிய அளவிலாவது இதைத் தொடங்கலாம்.