ஜீப்பின் பின்னால் ஸ்டெப்னி தாங்கி: உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம்

மலைத் தோட்டத்துக்குப் போய்வரும் ஜீப்பில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஸ்டெப்னிக்கு மட்டும் இடம் இருப்பதில்லை. சிறுமலையிலும், பழனி மலையின் கீழ்ப்பகுதியிலும், போடியை அடுத்த மலைச்சரிவுகளிலும் வாழைத்தார், காப்பி, மிளகு, எலுமிச்சை போன்ற விளைபொருள்கள் தார்ச் சாலைக்கு வந்து சேர ஜீப் பெரிதும் துணைபுரிகிறது. சரக்கு ஏற்றும்போது ஸ்டெப்னியைத் தரையில் போட்டு அதன்மேல் மூட்டைகளை அடுக்கிவிடுகிறார்கள். வழியில் டயர் பஞ்சரானால் மூட்டைகள் அனைத்தையும் இறக்கினால்தான் சக்கரம் கைக்கு வரும். சக்கரத்தைத் தார்களின் மேல் போட்டாலோ, காய்கள் அடிபட்டுக் கறுத்து விலை குறைகிறது.

இதைத் தவிர்க்கச் சிலர் பின் கதவுத் தகட்டில் துளை போட்டுச் சக்கரத்தை மாட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் துளையைச் சுற்றித் தகடு விரிசல் விடுகிறது. சக்கரம் கழன்று சாலையில் உருண்டால், பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஸ்டெப்னி தாங்கி செய்வதென்றால் முறையோடு செய்ய வேண்டும். வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும் உள்ள எந்த ஊரிலும் இதைச் செய்துகொள்ள முடியும்.

பழைய சிக்கல்

ஸ்டெப்னி என்பது ஓர் ஊர்த் தெருவின் பெயர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904ஆம் ஆண்டு டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே நம் நாட்டிலும் நிலைத்துவிட்டது.

ஜீப்பில் இந்தச் சக்கரத்தை எங்கே வைப்பது என்பதும் பழைய சிக்கல்தான். 1941ஆம் ஆண்டு முதல் போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் ஸ்டெப்னி பின்புறத் தகட்டில் இருந்தது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், விவசாயிகளுக்கும் உதவும் வகையில் சி.ஜே.2ஏ என்னும் ஜீப்பை அதே நிறுவனம் வெளியிட்டது. சரக்கு ஏற்றி இறக்க வசதியாக அதற்குத் திறக்கும் பின் கதவு வைத்தார்கள். உடனே ஸ்டெப்னியைப் பின்புறத்திலிருந்து எடுத்துப் பக்கவாட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒரே இடத்துக்குக் கதவும் சக்கரமும் போட்டி போடுவதுதான் காரணம்.

பக்கவாட்டில் மாட்டுவது எளிதுதான். ஆனால் குறுகிய மலைப்பாதையில் புதரும் பாறையும் சக்கரத்தில் உரசும். பின்புறத்திலேயே மாட்டி, வேண்டும்போது கேட்டைப் போல ஒருபக்கமாகத் திறந்துவிடும் தாங்கி அமைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

எடை எங்கே இறங்க வேண்டும்?

6.00-16 அளவுள்ள டயரும் ரிம்மும் சேர்ந்து சுமார் 25 கிலோ இருக்கும். முதலில் தராசில் வைத்து எடை பார்த்துக்கொள்வது நல்லது. வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது இந்த 25 கிலோ பல மடங்கு சுமையாக இழுக்கும். குறைந்தது 3 மடங்கு, அதாவது 75 கிலோ என்று கணக்கிட்டே தாங்கியைச் செய்ய வேண்டும்.

இந்தச் சுமையைக் கதவுத் தகடு தாங்காது. சேசிஸ் மட்டுமே தாங்கும். எனவே தாங்கியின் அடிப்பகுதி சேசிஸின் பின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட வேண்டும். பாடித் தகட்டோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

அடுத்தது கீல். தோட்டத்து இரும்புக் கேட்டின் இரண்டு கீல்களும் அருகருகே இருந்தால் கேட் விரைவில் தொய்ந்துவிடும். இங்கும் அதே கதைதான். சக்கரத்தின் மையம் கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 15 செ.மீ. என்றால், தாங்கி திறந்த நிலையில் மேல் கீலை 100 கிலோ விசை வெளியே இழுக்கும். கீழ்க் கீலை அதே விசை உள்ளே தள்ளும். இடைவெளியை 30 செ.மீ. ஆக்கினால் இது 50 கிலோவாகப் பாதி குறைந்துவிடும். இரும்பைத் தடிமனாக்குவதைவிடக் கீல்களை விலக்கி வைப்பது செலவில்லாத பலம்.

மூன்றாவது, பூட்டும் முனை. ஓடும்போது எடை முழுவதும் கீலில் தொங்கக் கூடாது. மூடிய நிலையில் கையின் மறு முனை ஓர் இருக்கையின் மேல் ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் எடையை இரு முனைகளும் பகிர்ந்துகொள்ளும்.

தேவையான பொருள்கள்

அடிச்சட்டத்துக்கு 75×40 மி.மீ. சேனல். கீல் தூணுக்கு 50×50 மி.மீ. சதுரக் குழாய், 4 மி.மீ. தடிமன். கைக்கு 40×40 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. தடிமன். கீல் காதுகளுக்கு 10 மி.மீ. தகடு, சக்கரம் மாட்ட 8 மி.மீ. தகடு. கீலுக்கு 25 மி.மீ. உருண்டைக் கம்பி, அதைச் சுற்றிவரும் 30 செ.மீ. நீளக் கனத்த குழாய், குழாயின் இரு முனைக்கும் லேத்தில் கடைந்த வெண்கல புஷ், ஒரு கிரீஸ் நிப்பிள். அடிச்சட்டத்தை முடுக்க 8.8 என்று தலையில் குறியிட்ட 12 மி.மீ. போல்ட்டுகள் குறைந்தது 6, தானாகக் கழலாத நட்டுகளுடன்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பயன்படுத்த வேண்டாம். வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும்.

செய்முறை

சேனலைப் பின் குறுக்குச் சட்டத்தின் அகலத்துக்கு வெட்டிப் பொருத்திப் பார்க்க வேண்டும். போல்ட்டுகளுக்கு உட்பக்கம் 6 மி.மீ. தகடு வைத்து முடுக்க வேண்டும். சேசிஸில் வெல்டிங் வைப்பது தவறு. சூடு பட்ட இடத்தை ஒட்டிப் பிற்பாடு விரிசல் விடலாம். எல்லா வெல்டிங்கையும் அடிச்சட்டத்தை வண்டியிலிருந்து கழற்றி வைத்தே செய்துவிட்டால் பெட்ரோல், டீசல் தொட்டிக்கும் பேட்டரிக்கும் ஆபத்தில்லை.

சேனலின் இடது முனையில் கீல் தூணை நிறுத்தி, அடியில் முக்கோணத் தகடுகள் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்புறமாகச் செல்வதால், கீல் இடப்பக்கம் இருந்தால் திறந்த தாங்கி சாலையோரம் நீட்டிக்கொண்டிருக்கும், போக்குவரத்துக்குள் நீளாது.

தூணில் மேலும் கீழுமாக இரண்டு காதுகளை வைத்து, அவற்றின் நடுவே சுழலும் குழாய் நிற்கும்படி செய்ய வேண்டும். காதுகளைப் பற்றவைக்கும்போது கீல் கம்பியை உள்ளே செருகி வைத்தே பற்றவைப்பது அவசியம். இல்லையேல் துளைகள் நேர்கோட்டில் அமையாமல் கீல் இறுகிவிடும். வெண்கல புஷ்களை வெல்டிங் வேலை எல்லாம் முடிந்து இரும்பு ஆறிய பிறகே அடித்து இறக்க வேண்டும். கீழ்க் காதுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு வாஷர் போட வேண்டும்.

சுழலும் குழாயின் மேல் முனையிலிருந்தும் கீழ் முனையிலிருந்தும் இரண்டு சதுரக் குழாய்களைக் கிடையாக நீட்டி, மறு முனையில் ஒரு நிலைக் குழாயால் இணைத்தால் செவ்வகமான கை கிடைக்கும். கேட்டில் வைப்பதுபோல இதிலும் ஒரு மூலைவிட்டக் குழாய் கட்டாயம் வேண்டும். அது கீழ்க் கீலிலிருந்து மறு முனையின் மேல் மூலைக்குச் செல்லட்டும்.

சக்கரம் மாட்டும் தகட்டுக்கு, ரிம்மின் துளைகளைக் காகிதத்தில் அச்செடுத்துக் குறிக்க வேண்டும். பழைய ஜீப் ரிம்களில் 5 துளைகள், 5½ அங்குல விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். 5 துளைகளில் 3இல் போல்ட் வைத்தால் போதும். சக்கரத்தை மாட்டும் உயரம் முக்கியம். டயரின் அடிப்பாகம் பம்பருக்குக் கீழே தொங்கினால் ஓடையில் இறங்கி ஏறும்போது மண்ணில் இடிக்கும். டயருக்கும் கதவுக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி இருக்கட்டும்.

அடிச்சட்டத்தின் வலது முனையில், சற்றே சரிவான இருக்கை ஒன்றை வைக்க வேண்டும். கை மூடும்போது அந்தச் சரிவில் 3, 4 மி.மீ. ஏறி உட்கார்ந்து இறுக வேண்டும். அதன்மேல் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்தால் ஆட்டமும் ஓசையும் இராது. நெம்பி மூடும் கொக்கி ஒன்றும், அது திறந்துகொண்டாலும் கையைப் பிடித்து நிறுத்த 12 மி.மீ. பின் ஒன்றும் வேண்டும். பின்னைச் சிறு சங்கிலியில் கோத்துவிட்டால் காணாமற்போகாது. சரிவில் வண்டி நிற்கும்போது திறந்த கை தானாக வந்து ஆள்மீது மோதாமல் இருக்க, திறந்த நிலையிலும் பிடித்து நிறுத்தும் கொக்கி தேவை.

முதலில் எல்லா மூட்டுகளிலும் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, சக்கரத்தை மாட்டித் திறந்து மூடிப் பார்த்து, சரியாக இருந்தால் முழு வெல்டிங் வைக்கலாம். குழாய்களின் வாயை மூடி, அடியில் மழைநீர் வடிய ஒரு சிறு துளை விட வேண்டும். பிறகு ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

சாலையில் இறங்குமுன் சோதனை

சக்கரத்தை மாட்டித் தாங்கியைத் திறந்து வைத்து, முனை எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். அரை செ.மீ.க்கு மேல் தொய்ந்தால் கீலில் ஆட்டம் இருக்கிறது என்று பொருள். பிறகு தாங்கியை மூடிப் பூட்டி, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் சக்கரத்தின் மேல் கட்டிவிட வேண்டும். சக்கரமும் மூட்டையுமாக ஏறக்குறைய 3 மடங்குச் சுமை கிடைத்துவிடும். கால் மணி நேரம் கழித்து மூட்டையை இறக்கிப் பார்க்கும்போது எந்த இடத்திலும் வளைவோ விரிசலோ இருக்கக் கூடாது.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை கிரீஸ் ஏற்றி, வெல்டிங் மூட்டுகளைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பெயிண்டின் மேல் மயிரிழைபோலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசலின் முதல் அடையாளம். உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மலையேற்றத்தில் கவனம்

பின்னால் ஏற்றிய எடை பின் சக்கரத்தை அழுத்துவதோடு முன் சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது. பழைய ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 80 அங்குலம், அதாவது 203 செ.மீ. தாங்கியும் சக்கரமும் சேர்ந்து 40 கிலோ, அது பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் தொங்குகிறது என்றால், முன் சக்கரங்கள்மீது சுமார் 16 கிலோ குறையும். பின் அச்சில் 56 கிலோ கூடும். செங்குத்தான ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிப்பு இழப்பது இப்படித்தான். எனவே தாங்கி வைத்த பின், ஏற்றும் சரக்கில் அந்த 40 கிலோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கனமான மூட்டைகளை முன் இருக்கையை ஒட்டி அடுக்க வேண்டும். தாங்கியின் மேல் ஆள் நின்று பயணம் செய்வதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது.

சட்டமும் பார்க்க வேண்டும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே இரும்பு வாங்குமுன்பே, செய்யப்போகும் தாங்கியின் படத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகிக் கேட்டுக்கொள்வது நல்லது. நம்பர் பிளேட்டையும் பின் விளக்குகளையும் சக்கரம் மறைக்கக் கூடாது. உள் கண்ணாடியில் பின்பக்கம் மறைந்தால் இருபுறக் கண்ணாடிகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட்டால் பின்னால் சிக்கல் வராது.

சுருங்கச் சொன்னால், எடை சேசிஸில் இறங்க வேண்டும். கீல்கள் விலகி நிற்க வேண்டும். மறு முனை இருக்கையில் உட்கார வேண்டும். இந்த மூன்றையும் பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லி, அருகில் இருந்து செய்துகொள்ளும் விவசாயிக்கு வண்டியின் முழுத் தளமும் சரக்குக்குக் கிடைக்கும். மழை பெய்யும் இரவில் மலைப்பாதையில் டயர் பஞ்சரானாலும், ஒரு மூட்டையைக்கூட இறக்காமல் சக்கரத்தை மாற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.