பத்தாயிரம் பாயின்ட்டுக்கு எத்தனை தோசை?

எப்படி இயங்குகிறது? – ஹோட்டல் பாயின்ட்

கோலார் தங்கவயலில் பாயின்ட் கொடுக்கும் ஹோட்டல் ஒன்றுகூடக் கிடையாது. ராபர்ட்சன்பேட்டை லாட்ஜில் ரூம் எடுத்தால் சாவி தருவார்கள், ரசீது தருவார்கள், அதோடு சரி. ஆனால் பாயின்ட் வைத்திருப்பவர்கள் ஊருக்குள் உண்டு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயல் பிழைப்பது பெரும்பாலும் ரயிலில்தான். காலையில் மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காரப்பேட்டை, மாலூர் தாண்டி ஒயிட்ஃபீல்டிலும் பெங்களூரிலும் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலரைக் கம்பெனி புனேவுக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவைக்கிறது. வாடகையைக் கம்பெனி கட்டும். பாயின்ட்டோ தங்கியவர் கணக்கில் ஏறும்.

திரும்பி வரும் ரயிலில் பேச்சு இப்படிப் போகும். ஒருவர், “ஹில்டன்ல நாப்பதாயிரம் சேர்ந்திருக்கு” என்பார். பக்கத்தில் இருப்பவர், “எனக்கு ஹயாட்ல பன்னெண்டாயிரம்தான் இருக்கு” என்று குரலைத் தாழ்த்துவார். இந்த இரண்டு பேரில் யார் கை கனம்? அனேகமாகப் பன்னிரண்டாயிரக்காரர். குறைந்தபட்சம் அவர் தோற்கவில்லை. எப்படி என்பதைத் தோசை மாவை வைத்துப் பார்த்துவிடலாம்.

நீங்கள் ஹோட்டலுக்குக் கட்டும் பணம் அரிசி. அதை அரைத்து அவர்கள் உங்கள் பாத்திரத்தில் ஊற்றும் மாவுதான் பாயின்ட். நீங்கள் இலவசமாகத் தங்கும் இரவு, அந்த மாவில் வார்க்கும் தோசை. கிரைண்டரும் அவர்களுடையது, அளக்கும் கரண்டியும் அவர்களுடையது. இந்தக் கடைசி வரியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டியின் அளவு

ஒரு வீட்டில் குழிக்கரண்டி பெரிசு, இன்னொரு வீட்டில் சின்னது. “எங்க வீட்ல முப்பது கரண்டி மாவு இருக்கு” என்று சொன்னால் அதில் ஒன்றும் தெரியாது. பாயின்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு கரண்டி செய்துவைத்திருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 2018 ஆகஸ்ட் 18. ஸ்டார்வுட் ஹோட்டல் கம்பெனியை மாரியட் 2016-ல் வாங்கியிருந்தது. இரண்டின் பாயின்ட் திட்டங்களையும் அந்த நாளில் ஒன்றாக்கினார்கள். ஸ்டார்வுட்டின் ஒரு பாயின்ட் மாரியட் கணக்கில் மூன்று ஆனது. பத்தாயிரம் வைத்திருந்தவர் காலையில் எழுந்து பார்த்தால் முப்பதாயிரம்! அவர் பணக்காரர் ஆகிவிட்டாரா? இல்லை. பெரிய கரண்டியை எடுத்துவிட்டுச் சின்னக் கரண்டியைப் போட்டு அளந்தார்கள், மாவு அதே மாவுதான். அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்துக்கு ‘மாரியட் பான்வாய்’ என்று பெயர் வைத்தார்கள். பெங்களூரில் ஐடிசி விண்ட்சருக்கோ, ஒயிட்ஃபீல்டு ஷெரட்டனுக்கோ போனால் ஏறுவது இந்த பான்வாய் பாயின்ட்தான்.

கரண்டி எல்லா இடத்திலும் இப்படிக் குழப்புவதில்லை. டாடாவின் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய். தாஜ் ஹோட்டலில் தங்கினால் கிடைப்பது அதுதான். அக்கோர் கம்பெனி 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ தள்ளுபடி என்று நிர்ணயித்து வைத்திருக்கிறது. இங்கே கரண்டியின் மேலேயே அளவு பொறித்திருக்கிறது. எதிர்பாராத லாபம் கிடையாது, ஏமாற்றமும் கிடையாது. மாரியட், ஹில்டன், ஐஎச்ஜி, ஹயாட் போன்றவற்றில்தான் நாமே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அரிசிக்கு எத்தனை கரண்டி?

அடிப்படை உறுப்பினருக்கு மாரியட், ஹில்டன், ஐஎச்ஜி மூன்றும் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் வாடகைக்கு 10 பாயின்ட் தருகின்றன. ஹயாட் தருவது 5. பார்த்தவுடன் ஹயாட் கஞ்சன் மாதிரித் தெரியும்.

ஒரு டாலர் ₹88 என்று வைத்துக்கொள்வோம். வரி போக ₹8,800 வாடகை கட்டினால் அது 100 டாலர். மாரியட்டில் 1,000 பாயின்ட் வரும், ஹயாட்டில் 500. மாரியட் பாயின்ட் ஒன்றை 60 பைசாவுக்கும், ஹில்டன், ஐஎச்ஜி பாயின்ட்டை 40 பைசாவுக்கும், ஹயாட் பாயின்ட்டை ₹1.40-க்கும் செலவழிக்கிறோம் என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்:

மாரியட்: 1,000 பாயின்ட், ₹600
ஹில்டன், ஐஎச்ஜி: 1,000 பாயின்ட், ₹400
ஹயாட்: 500 பாயின்ட், ₹700

பைசா விகிதம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். இங்கே இருப்பது உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் இந்த வரிசை பொதுவாக மாறுவதில்லை: ஹயாட் மேலே, மாரியட் நடுவே, மற்ற இரண்டும் கீழே. பாதிக் கரண்டி ஊற்றிய வீட்டில் தோசை கூடுதலாக வந்துவிட்டது. ரயிலில் பேசிய அந்த இருவரின் கணக்கையும் இதிலேயே போடலாம். நாற்பதாயிரம் ஹில்டன் ₹16,000. பன்னிரண்டாயிரம் ஹயாட் ₹16,800.

ஒரு எச்சரிக்கை. ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ பதிவு செய்தால்தான் பொதுவாகப் பாயின்ட் ஏறும். வெளித் தளங்கள் வழியாக எடுத்த அறைக்கு அரிசி போகும், மாவு வராது. வரிக்கும் பாயின்ட் கிடையாது.

ஒரு பாயின்ட் எத்தனை பைசா?

இதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சு. வாய்ப்பாடு ஒரே வரி: அந்த இரவுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டிய மொத்தப் பணத்தை, அதே இரவுக்குக் கேட்கும் பாயின்ட்டால் வகுக்க வேண்டும்.

மொத்தப் பணம் என்றால் வரியோடு சேர்த்து. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு ₹7,500 வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அறை ₹7,500 என்றால் கட்டுவது ₹7,875. ₹7,600 என்றால் ₹8,968. நூறு ரூபாய் ஏறியதற்கு ஆயிரத்துக்கு மேல் கூடுதல்! பாயின்ட்டில் எடுக்கும் அறைக்குப் பெரும்பாலும் வரி தனியாக வராது. அதனால் இந்த வரம்புக்குச் சற்று மேலே விலை இருக்கும் அறைகளில் பாயின்ட் நன்றாகப் பேசும்.

ஒயிட்ஃபீல்டில் ஒரு ஹோட்டல். சாதாரண நாளில் அறை ₹7,000, வரியோடு ₹7,350. பாயின்ட்டில் 15,000 கேட்கிறது. வகுத்தால் பாயின்ட்டுக்கு 49 பைசா. அதே ஹோட்டலில், எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் வாரம் அறை ₹14,000 ஆகிறது. வரியோடு ₹16,520. பாயின்ட்டும் ஏறுகிறது, ஆனால் 22,000 வரைதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 75 பைசா. அதே மாவு, அதே கல், தோசையின் விலை மட்டும் ஒன்றரை மடங்கு. ஊரே பசியோடு இருக்கும் நாளில் வீட்டில் மாவு வைத்திருப்பவர்தான் ராஜா.

இன்னும் இரண்டு சில்லறைத் திருத்தங்கள் உண்டு. பணம் கட்டித் தங்கினால் புதிதாகப் பாயின்ட் ஏறும், பாயின்ட்டில் தங்கினால் பொதுவாக ஏறாது. மேலே சொன்ன ₹7,000 அறைக்கு ஏறியிருக்க வேண்டிய 800 பாயின்ட்டை ₹400 என்று கழித்தால், 49 பைசா 46 ஆகிவிடும். இரண்டாவது, ஒப்பிடும்போது ஒரே மாதிரி அறையை ஒப்பிட வேண்டும். காலை டிபனோடு உள்ள பண விலையையும், டிபன் இல்லாத பாயின்ட் விலையையும் வகுத்துவிட்டு லாபம் என்று சொல்லிக்கொண்டால் சட்னிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று, நாமே நமக்குச் செய்துகொள்வது. ₹40,000 விலையுள்ள சூட் அறையை 40,000 பாயின்ட்டுக்கு எடுத்துவிட்டு “ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்” என்று மார்தட்டுவோம். கைக்காசாக இருந்தால் அந்த அறையை எடுத்திருப்போமா? பக்கத்து ₹8,000 அறையில் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். அப்படியானால் அந்தப் பாயின்ட் நமக்கு மிச்சப்படுத்தியது ₹8,000-மும் வரியும்தான். நெய் ரோஸ்ட்டின் விலையைச் சொல்லிச் சாதா தோசைக்காரர் லாபக் கணக்கு போடக் கூடாது.

தண்ணீர் ஊற்றுவது யார்?

கிரைண்டரும் கரண்டியும் அவர்களிடம் இருக்கிறது என்றேன். அதன் பலன் இங்கேதான் தெரியும்.

நீங்கள் தங்கும்போது, அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் உங்கள் வாடகையில் ஒரு பங்கைப் பாயின்ட் திட்டத்துக்குக் கட்டுகிறார். நீங்கள் பாயின்ட்டில் தங்கும்போது திட்டம் அவருக்குப் பணம் தருகிறது. ஹோட்டல் காலியாக இருந்தால் குறைந்த தொகை, அறைகள் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் கூடுதல் தொகை. காலியாகக் கிடக்கும் அறையைப் பாயின்ட்காரருக்குக் கொடுப்பதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நெரிசல் நாளில்தான் கணக்கு இறுகும்.

செலவாகாத பாயின்ட் கம்பெனிக்குக் கடன். அதே சமயம் அது விற்பனைச் சரக்கும்கூட. 2020-ல் கொரோனாவால் ஹோட்டல்கள் காலியானபோது, ஹில்டன் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு 100 கோடி டாலருக்குப் பாயின்ட்டை முன்கூட்டியே விற்றுச் செலவுக்குப் பணம் தேற்றியது. மாரியட்டும் அதே வழியில் 92 கோடி டாலர் திரட்டியது. அரிசியே இல்லாமல் மாவு விற்க முடிகிற கடை வேறு எங்கே இருக்கிறது?

மாவு பெருகினால் அடுத்து என்ன நடக்கும் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். எதிர்பாராமல் ஆள் வந்துவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் விழும். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்ற நிரந்தரப் பட்டியலை ஹில்டன் 2017-ல் கைவிட்டது. மாரியட் 2022 மார்ச்சில் கைவிட்டது. இப்போது அங்கே தேவைக்கேற்ப நாளுக்கு நாள் விலை மாறுகிறது. சென்ற வருடம் 15,000-க்கு வந்த இரவு இந்த வருடம் 20,000 கேட்டால் புகார் செய்ய இடமில்லை. ஹயாட் இன்னும் ஹோட்டல்களை வகை பிரித்துப் பட்டியல் போடுகிறது. அதன் பாயின்ட்டுக்கு மதிப்பு நிற்பதற்கு அது ஒரு காரணம்.

தண்ணீர் போதாதென்று புளிப்பும் உண்டு. மாரியட், ஹில்டன், ஹயாட் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் பாயின்ட் போய்விடும். ஐஎச்ஜி-யில் அடிப்படை உறுப்பினருக்கு 12 மாதம்தான் கெடு. வேலை மாறி, கம்பெனிப் பயணம் நின்றுபோனவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பாக்கெட் மாவு

தங்காமலேயும் பாயின்ட் சேர்க்கலாம். எச்டிஎஃப்சி வங்கியும் மாரியட்டும் சேர்ந்து 2023 ஆகஸ்டில் ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தன. வந்தபோது வைத்த கணக்கு: ஆண்டுக் கட்டணம் ₹3,000, வரியோடு ₹3,540. சாதாரணச் செலவில் ₹150-க்கு 2 பாயின்ட். 15,000 பாயின்ட் வரையிலான ஹோட்டலில் ஓர் இரவு இலவசம்.

பாயின்ட் 60 பைசா என்றால் மளிகை, துணிமணிச் செலவில் ₹150-க்கு ₹1.20 திரும்பி வருகிறது. நூற்றுக்கு 80 பைசா. அதற்காகக் கார்டு வாங்க வேண்டியதில்லை. அந்த இலவச இரவை நம் ₹7,350 அறைக்குப் பயன்படுத்தினால் கட்டணம் கழித்து ₹3,810 மிச்சம். பயன்படுத்தாமல் விட்டால் ₹3,540 தண்டம். ஆகக் கார்டின் லாபமும் நஷ்டமும் அந்த ஓர் இரவில் அடங்கியிருக்கிறது. வருஷத்தில் ஒருநாளாவது பெங்களூரிலோ சென்னையிலோ அறை எடுத்தே தீர வேண்டிய குடும்பமா என்று கேட்டுக்கொண்டு முடிவெடுக்கலாம்.

பாயின்ட்டைக் காசுக்கும் விற்கிறார்கள். குறிப்பிட்ட ஓர் இரவுக்குக் கொஞ்சம் குறைகிறது, வகுத்துப் பார்த்து லாபம் நிச்சயம் என்றால் மட்டும் வாங்கலாம். சேமிப்பு என்று நினைத்து வாங்கக் கூடாது. மாவை யாரும் பீரோவில் வைத்துப் பூட்டுவதில்லை.

ஆக, செய்ய வேண்டியது மூன்றே காரியம். கையில் இருக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும், நீங்கள் உண்மையாகப் போகும் ஊரில், போகும் தேதியில் வகுத்துப் பார்த்து ஒரு பைசா விகிதத்தைக் குறித்துவையுங்கள். அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் நாளில் பணமாகக் கட்டுங்கள், கூடுதலாகக் கிடைக்கும் நாளில் பாயின்ட்டை இறக்குங்கள். நான்கு இடத்தில் சிதறவிடாமல் ஒரே இடத்தில் சேருங்கள்: மாரியட்டில் ஐந்து இரவுகளைச் சேர்த்துப் பாயின்ட்டில் எடுத்தால் ஓர் இரவுக்குப் பாயின்ட் பிடிக்க மாட்டார்கள், அந்தச் சலுகை கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்தில் வைத்திருப்பவருக்கு எட்டாது. ஒருபோதும் பாயின்ட்டுக்காக ஓர் இரவு கூடுதலாகத் தங்காதீர்கள். கம்பெனி காசில் வந்த பாயின்ட் லாபம். நம் காசைக் கொட்டித் துரத்திய பாயின்ட் செலவு.