எந்தப் பிரிவு எடுப்பது?

பத்தாம் வகுப்பு முடித்ததும் கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவில் சேர்ந்தேன். அப்பா கைநாட்டு வைத்தார். மருத்துவம் பயில உயிரியல் வேண்டுமென்று எங்களுக்குச் சொல்வாரில்லை.

நண்பர்களே! மருத்துவத்திற்கு இன்றியமையாதவை இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் கட்டாயமன்று. உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியலும் விலங்கியலும் பயிலலாம். ‘நீட்’ தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்தால் பொறியியல் கதவும் திறந்திருக்கும். உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாகத் தேறியோருக்கும் 2023இல் வழி பிறந்தது. எனக்கு அது பிந்தியே தெரிந்தது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்றோர்க்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு.

விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு தம்பிக்கேனும் இதைச் சொல்லுங்கள். என் தங்கைக்கு நான் சொல்லிவிட்டேன்.