மீந்த கேக்கை வீணாக்க வேண்டாம்: 20 நிமிட வேலையில் பட்டை - சர்க்கரை பைட்ஸ், புதுச்சேரி பழக்கம் சொல்லும் டிப்ஸ்

சனிக்கிழமை இரவு பர்த்டே பார்ட்டி. அரை கிலோ கேக்கில் பாதிதான் காலி. மீதி டப்பாவோடு ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. திங்கள்கிழமை திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்து, தொட்டால் உதிர்கிறது. செவ்வாய்க்கிழமை அது குப்பைத் தொட்டியில்.

புதுச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கும், இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள வீடுகளுக்கும் இது பழகிப்போன கதை. டிசம்பர் வந்தால் இன்னும் மோசம். பிளம் கேக், ரவா கேக் என நாலு பக்கமிருந்தும் பெட்டிகள் வந்து சேரும். இந்திய வீடுகளில் ஒருவர் ஓராண்டில் வீணாக்கும் உணவு சராசரியாக 55 கிலோ என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024-ம் ஆண்டு அறிக்கை.

அந்தக் காய்ந்த கேக்கைத் துண்டு போட்டு, மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்து, பட்டை கலந்த சர்க்கரையில் புரட்டினால் வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து மெத்து. அவன் தேவையில்லை. ஒரு வாணலியும் ஒரு ஃப்ரீசரும் போதும்.

இது புது ட்ரெண்டா?

இல்லை. புதுச்சேரிக்கு இது ரொம்பப் பழைய பாடம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. ஆனால் நீள ரொட்டி சாப்பிடும் பழக்கம் ஊரிலேயே தங்கிவிட்டது. நீள ரொட்டியில் ஒரு சிக்கல், மறுநாளே கட்டையாகிவிடும். அதைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து வெண்ணெயில் வாட்டுவதை பிரெஞ்சுக்காரர்கள் ‘பான் பெர்த்யூ’ என்கிறார்கள். ‘வீணாய்ப்போன ரொட்டி’ என்று பொருள். ஒயிட் டவுன் கஃபேக்களில் பிரெஞ்சு டோஸ்ட்டாக வருவதும், நம் வீடுகளில் பாம்பே டோஸ்ட் என்று சொல்வதும் இதே குடும்பம்தான். பழைய ரோமானியச் சமையல் தொகுப்பான அபிசியஸிலேயே ரொட்டியைப் பாலில் நனைத்து, பொரித்து, தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவும், பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் பிரெட் அல்வாவும் பொரித்த பிரெட்டில் தொடங்குபவைதான்.

கேக்கைப் பொரிக்கும் வழக்கம் பெரிதாகப் பிரபலமானது அமெரிக்காவில். ‘ட்விங்கி’ என்ற பாக்கெட் கேக்கை மாவில் முக்கிப் பொரித்து விற்பது 2000-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் பேசுபொருளாகி, பிறகு பொருட்காட்சிகளுக்குப் பரவியது. முக்கியமான ரகசியம், அந்த கேக்கை முதலில் ஃப்ரீசரில் உறைய வைப்பார்கள்.

கேக் ஏன் எண்ணெயில் உதிர்கிறது?

பிரெட்டை இழுத்துப் பிசைந்து செய்வதால் அதற்குள் குளூட்டன் வலை வலுவாக இருக்கும். பாலில் ஊறினாலும் தாங்கும். கேக் அப்படியில்லை. மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதில் வெண்ணெயும் சர்க்கரையும் அதிகம், பிசைவது குறைவு. அதனால் பாலில் ஊறினால் கரையும், சூடான எண்ணெயில் நேரடியாகப் போட்டால் உதிரும். சர்க்கரை அதிகம் என்பதால் சில நொடிகளிலேயே கருகவும் செய்யும்.

இதற்கான தீர்வு நம் தீபாவளி பலகாரத்திலேயே இருக்கிறது. சுழியம் எப்படிச் செய்கிறோம்? பூரணம் ஏற்கெனவே வெந்தது. அதை உருட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் போடுகிறோம். வேக வேண்டியது மேல் மாவு மட்டும்தான். கேக் பைட்ஸும் அதே கணக்கு. உள்ளே இருப்பது பேக்கரியிலேயே வெந்துவிட்டது. அதை உதிராமல், கருகாமல் ஒரு நிமிடம் எண்ணெயில் வைத்து எடுப்பதுதான் உங்கள் வேலை.

இங்கே ஃப்ரிட்ஜ் கேக்குக்கு ஒரு பிளஸ் உண்டு. குளிரில் ஸ்டார்ச் இறுகுவதால்தான் கேக் கட்டையாகிறது. சாப்பிட அது மைனஸ். பொரிக்க அதுவே பிளஸ், துண்டு உடையாமல் நிற்கும்.

எந்த கேக் ஓகே, எதைத் தூக்கிப் போட வேண்டும்?

பெஸ்ட் சாய்ஸ்: டீ கேக், வெண்ணிலா ஸ்பாஞ்ச், பட்டர் கேக், சாக்லேட் கேக். பாக்கெட்டில் வரும் ஸ்லைஸ் கேக்கும் சரிவரும். எக்லெஸ் கேக் சற்று அதிகம் உதிரும் என்பதால் கூடுதலாகப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் இருக்கட்டும்.

கிரீம் கேக்: கிரீமை முழுதாக வழித்து எடுத்துவிடுங்கள். கிரீம் எண்ணெயில் உருகினால் நீர் தெறிக்கும், கையைச் சுடும். அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் மட்டும் போதும். ரொம்ப உதிர்ந்துபோனால், ஒரு ஸ்பூன் ஜாம் சேர்த்துப் பிசைந்து சுழியம் போலவே உருட்டிக்கொள்ளலாம்.

விவிகம்: ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய உலர்பழங்கள் சேர்த்துச் செய்யும் புதுச்சேரி கிறிஸ்துமஸ் கேக். இதில் கொழுப்பு அதிகம், பழத்துண்டுகள் எண்ணெயில் கருகும். அதனால் இதைப் பொரிக்க வேண்டாம். தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் வெண்ணெய் விட்டு இரு பக்கமும் வாட்டி, மேலே பட்டைச் சர்க்கரை தூவினாலே போதும்.

குப்பைக்குப் போக வேண்டியது: ஃப்ரெஷ் கிரீம் அல்லது கஸ்டர்ட் வைத்த கேக் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கணக்கு ஒரு மணி நேரம்தான். புதுச்சேரியில் பாதி வருஷம் இந்தக் கணக்குதான் செல்லும். பூஞ்சை பிடித்த கேக்கும் வேண்டாம். ‘பொரிச்சா எல்லாம் செத்துடும்’ என்பது தவறு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு எண்ணெய்ச் சூட்டிலும் அழியாது.

தேவையானவை (சுமார் 20 துண்டுகளுக்கு)

- கேக்: 250 கிராம்
- மைதா: அரை கப்
- அரிசி மாவு: 2 டேபிள்ஸ்பூன்
- குளிர்ந்த பால்: அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக
- உப்பு: ஒரு சிட்டிகை
- சர்க்கரை: 4 டேபிள்ஸ்பூன்
- பட்டைத் தூள்: 1 டீஸ்பூன்
- பொரிக்க எண்ணெய்: வாணலியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு

செய்முறை

1. கேக்கை ஓர் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய சதுரங்களாக வெட்டுங்கள். தட்டில் ஒட்டாமல் பரப்பி 30 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

2. சர்க்கரையையும் பட்டைத் தூளையும் அகலமான கிண்ணத்தில் கலந்து தயாராக வையுங்கள். பொரித்த பிறகு தேட நேரம் இருக்காது.

3. மைதா, அரிசி மாவு, உப்பு மூன்றையும் கலந்து பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பஜ்ஜி மாவு பதம். கட்டி இருந்தால் பரவாயில்லை, ரொம்ப அடித்துக் கலக்கினால் மேல்தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

4. எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியில் போய் இரண்டு மூன்று நொடியில் மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. போட்டவுடனே சிவந்தால் அடுப்பைக் குறையுங்கள்.

5. ஒரு நேரத்தில் ஐந்து துண்டு மட்டும். மீதி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். முள்கரண்டியால் மாவில் முக்கி, அதிகப்படி மாவை வடியவிட்டு எண்ணெயில் விடுங்கள். திருப்பித் திருப்பி ஒரு நிமிடம், பொன்னிறம் வந்தவுடன் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

6. டிஷ்யூவில் அரை நிமிடம் மட்டும் வடியவிட்டு, சூடாக இருக்கும்போதே சர்க்கரையில் புரட்டுங்கள். ஆறிவிட்டால் சர்க்கரை ஒட்டாது.

இரண்டு நிமிடம் கழித்துச் சாப்பிடுங்கள். கடலோர ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், சர்க்கரை சீக்கிரமே கசியத் தொடங்கும். டப்பாவில் அடைத்து ஆபீஸுக்குக் கொண்டுபோகும் ஸ்வீட் இல்லை இது.

மாவு நழுவுகிறதா? எண்ணெய் குடிக்கிறதா?

மாவு கேக்கில் ஒட்டாமல் நழுவினால், துண்டின் மேல் பனி படிந்திருக்கிறது என்று பொருள். முதலில் உலர்ந்த மைதாவில் ஒரு புரட்டுப் புரட்டி, பிறகு மாவில் முக்குங்கள். எண்ணெய் அதிகம் குடித்தால் இரண்டு காரணங்கள்: எண்ணெய் சரியாகக் காயவில்லை, அல்லது ஒரே நேரத்தில் நிறைய போட்டுச் சூட்டை இறக்கிவிட்டீர்கள்.

ஏர் ஃப்ரையர் வைத்திருப்பவர்கள் மாவில் முக்க வேண்டாம், அது வழிந்து கூடையில் ஒட்டிக்கொள்ளும். உறைந்த துண்டுகளில் உருக்கிய வெண்ணெய் தடவி, 190 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துச் சர்க்கரையில் புரட்டலாம். பொரித்த மொறுமொறுப்பு வராது, ஆனால் நன்றாகவே இருக்கும்.

எந்தப் பட்டை?

கடையில் ‘பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கேசியா. தடிமனான, மரத்துண்டு போன்ற, ஒற்றைச் சுருள். இலங்கையில் கறுவா எனப்படும் அசல் லவங்கப்பட்டை மெல்லிய ஏடுகள் பல சுருண்டு சுருட்டு போல இருக்கும், கையாலேயே நொறுங்கும். பிரியாணிக்குக் கேசியாவின் காரம் சரி. இனிப்புக்கு லவங்கப்பட்டையின் மென்மணம் நன்றாகப் பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம். லவங்கப்பட்டையில் அது மிகக் குறைவு. என்றாவது ஒருநாள் நாலு துண்டு சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கேசியாதான் வீட்டில் இருக்கிறது என்றால் லேசாக வறுத்து, மிக்ஸியில் அரைத்து, கட்டாயம் சலித்துக்கொள்ளுங்கள். தூளில் குச்சி மாட்டினால் தொண்டையில் குத்தும்.

எவ்வளவு சாப்பிடலாம்? மீதி எண்ணெய் என்ன ஆகும்?

கேக்கிலும் சர்க்கரை, மேலேயும் சர்க்கரை. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே தலைக்கு மூன்று நான்கு துண்டு போதும். நாலைந்து பேர் இருக்கும்போது செய்வதுதான் சரி.

எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் வேண்டாத சேர்மங்கள் கூடும். உணவகங்களுக்கு இதற்கு 25 சதவீதம் என்ற உச்சவரம்பை 2018 ஜூலை 1 முதல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அமலாக்கியது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. நிறம் கறுத்தாலோ, நுரைத்தாலோ, வாடை மாறினாலோ போதும், அந்த எண்ணெய் வேண்டாம். அதை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும், பழைய பாட்டிலில் மூடிக் குப்பையில் சேருங்கள்.

அடுத்த முறை பார்ட்டி முடிந்ததும் கேக்கை டப்பாவோடு ஃப்ரிட்ஜில் தள்ளாமல், அன்று இரவே கிரீமை வழித்து, துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நாலு நாள் கழித்து மழை பெய்யும் ஒரு மாலையில் எண்ணெய் காய வைத்தால் மட்டும் போதும்.