இழுப்பை அடக்க இப்போது ஊசி!

"இன்ஹேலர் அடிச்சும் இழுப்பு அடங்கலையே!" என்று தவிக்கும் சகோதரிகளே! முதலில் அதைச் சரியாக உறிஞ்சுகிறீர்களா என்று டாக்டரிடம் செய்து காட்டுங்கள். பலருக்குக் கோளாறு அங்கேதான்.

அப்படியும் அடங்காத கடுமையான ஆஸ்துமாவுக்கு முன்பெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரைதான் கதி. நாள்பட விழுங்கினால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும். இப்போது ஊசிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் ஓமலிஸுமாபுக்கு 2003-லும், மெபோலிஸுமாபுக்கு 2015-லும் அனுமதி கிடைத்தது. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தூண்டிவிடும் பொருளையே இவை மடக்குகின்றன. 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவார்கள். இழுப்பு வருவது குறையும். பலருக்கு மாத்திரையும் குறையும்.

யாருக்கு எந்த ஊசி என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார். விலைதான் மலைப்பு! ஒன்று மட்டும் மறக்காதீங்க: திடீர் இழுப்புக்கு இந்த ஊசி கைகொடுக்காது. இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே கூடாது.