வானம் சொல்லும் சேதி – 9: மூட்டத்துக்கு அந்தப் பக்கம்

கலிபோர்னியாவின் தென்கோடியில் இருக்கும் சான் டியேகோவுக்கு ஜூன் மாதம் வந்து இறங்கும் நம்மூர்க்காரர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "வெயில் ஊர்னுதானே சொன்னாங்க?" விடியும்போது வானம் சாம்பல் பூசிக் கிடக்கும். கார்க் கண்ணாடியில் தூறல் போட்டது மாதிரி ஈரம். காலை பத்து மணிக்கும் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாது. உள்ளூரில் இதற்குப் பெயரே உண்டு. மே மாதத்தில் 'மே கிரே', ஜூனில் 'ஜூன் குளூம்'.

காரணம் கடலில் இருக்கிறது. வடக்கிலிருந்து இறங்கிவரும் கலிபோர்னியா நீரோட்டம் இயல்பிலேயே குளிர்ந்தது. கரையை ஒட்டி வீசும் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வரும். அதனால் ஜூனில்கூடக் கடல்நீர் 18, 19 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதை ஒட்டிக் கிடக்கும் குளிர்ந்த, ஈரமான காற்றின் தலைக்கு மேல் பசிபிக்கின் உயர் அழுத்த மண்டலம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே காற்று கீழ்நோக்கி அமுங்கும்; அமுங்க அமுங்கச் சூடாகும். மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இங்கே ஒரு மட்டத்தைத் தாண்டியதும் சட்டென்று சூடாகிவிடுகிறது. பானைக்கு மூடி போட்டதுபோல், கீழே இருக்கும் ஈரம் மேலே போக வழியில்லாமல் மேகமாகப் பரந்து கிடக்கிறது.

கோடைத் தொடக்கத்தில் இந்தப் பகுதிக்கு வானிலை சொல்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த மூடியின் உயரத்தைத்தான். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்தால் கடற்கரையில் மட்டும் மூட்டம், உள்ளே இருக்கும் ஊர்களில் வெயில் கொளுத்தும். இரண்டாயிரம், மூவாயிரம் அடி என்றால் பள்ளத்தாக்குகளும் காலையில் குளிர்ந்திருக்கும். சில நாள் கடலில் காட்டலினா தீவை ஒட்டி ஒரு சுழல் உருவாகி மூடியை இன்னும் மேலே தூக்கும். அன்று மலையின் மேற்குச் சரிவு வரை தூறும். இந்த உயரத்தை அறியத்தான் சான் டியேகோவின் மிராமரிலிருந்து நாளுக்கு இரண்டு முறை கருவி கட்டிய பலூனைப் பறக்கவிடுகிறார்கள். உலகமெங்கும் இதற்கு ஒரே நேரக் கணக்கு. அங்கே மாலை 5 மணிக் கணக்கில் போகும் பலூனும், நம் மீனம்பாக்கத்தில் விடிகாலை 5.30 மணிக் கணக்கில் போகும் பலூனும் ஒரே வேளையின் வானத்தைத்தான் அளக்கின்றன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் நெகிழ்ச்சி தரும் விஷயம்.

மூடியை நானே ஒருமுறை தாண்டிப் பார்த்தேன். ஓஷன் பீச் அருகே தொடங்கும் இன்டர்ஸ்டேட் 8 நெடுஞ்சாலையில் ஒரு ஜூன் காலை கிழக்கே கிளம்பினோம். கார் 17 டிகிரி காட்டியது, சுவெட்டர் போட்டிருந்தேன். ஆல்பைன் ஊரைக் கடந்து ஏறும்போது மூட்டம் வெளுத்தது, மெலிந்தது, அடுத்த வளைவில் ஒரேயடியாக அறுந்தது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் புறப்பட்ட ஊர் முழுவதும் வெள்ளை ஏரிக்கு அடியில். உயரம் ஏறியிருக்கிறோம், ஆனால் கார் காட்டியது 26. லகூனா மலையின் கணவாய் நாலாயிரம் அடிக்குச் சற்று மேலே. அங்கே பைன் வாசனையும் இதமான காற்றும். பிறகு இன்-கோ-பா இறக்கம். காது அடைத்தது. எதிர்ப்பக்கம் ஏறிவரும் வண்டிகளுக்காகச் சாலையோரம் ரேடியேட்டர் தண்ணீர்ப் பீப்பாய்கள் வைத்திருந்தார்கள். கீழே, பாலைவன ஊரான ஒகோட்டியோவில் கதவைத் திறந்தபோது 41. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மலையைத் தாண்டிக் கீழிறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறும். கடல் ஈரம் மேற்குச் சரிவோடு நின்றுவிடுகிறது. பாலைவனம் சூடாகச் சூடாக அங்கே அழுத்தம் குறைந்து, கடற்பக்கக் காற்றை இழுக்கும். மலைத்தொடர் மறிப்பதால் அது இடுக்குகள் வழியே பிதுங்கிப் பாயும். வடக்கே, சான் ஹசின்டோ, சான் கொர்கோனியோ என்ற இரண்டு பெரிய சிகரங்களுக்கு நடுவே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது இதனால்தான். நம் ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. அந்தக் காற்றாலைகளுக்குப் பக்கத்து ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் 2024 ஜூலை 5 அன்று 51.1 டிகிரி பதிவானது. அந்த ஊர் அதுவரை கண்டிராத வெப்பம்.

என் கவலை அந்த உச்சநாளைப் பற்றியது மட்டுமல்ல. ஜூலைக்குள் உடம்பு வெயிலுக்குப் பழகிவிடும், மனிதர்களும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். முதல் வெப்ப அலை வரும்போது இரண்டுமே இருக்காது. கடற்கரையில் மூட்டத்தில் எழுந்த ஒருவர், அந்தக் குளிரை நம்பி ஒரேயொரு பாட்டில் தண்ணீரோடு ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவுக்கு நடக்கப் போகிறார். அமெரிக்க வானிலைத் துறையின் 'ஹீட்ரிஸ்க்' வரைபடம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெப்பம் எத்தனை டிகிரி என்பதோடு, அந்தத் தேதிக்கு அது எவ்வளவு மிகை என்றும் பார்த்து, பச்சையிலிருந்து மெஜந்தா வரை ஐந்து நிறம் தருகிறது. ஒரே மாவட்டத்தில், ஒரே பிற்பகலில், கடலோரம் பச்சையாகவும் பாலைவனம் சிவப்பாகவும் இருக்கும். பயணம் போகிறவர்கள் தங்கள் வீட்டு நிறத்தைப் பார்க்கக் கூடாது. போகிற இடத்து நிறத்தைப் பார்க்க வேண்டும்.

போய்த் திரும்ப முடியாதவர்களும் இருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் இம்பீரியல் பள்ளத்தாக்கில் இந்த மாதங்கள் முலாம்பழ அறுவடைக் காலம். விடியுமுன்பே குனிந்தவர்கள் வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பார்கள். வெளியில் வேலை செய்பவர்களை வெப்பத்திலிருந்து காக்க 2005-லேயே கலிபோர்னியா விதி கொண்டுவந்தது. இப்போது 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 27 செல்சியஸுக்கு மேல் போனால் நிழல் தரவேண்டும். ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவு குடிநீர் வேண்டும். 35-ஐத் தொட்டால் கண்காணிப்பும் கூட வேண்டும். நம் வயல்களிலும் கட்டட வேலையிடங்களிலும் ஏப்ரலில் 27 டிகிரி என்பது காலை ஏழு மணிக்கே தாண்டிவிடுகிற அளவு. அந்த விதியைப் படித்தபோது எனக்கு அதுதான் முதலில் உறைத்தது.

மாலையில் திரும்பிக் கணவாய் ஏறினோம். மேற்கே, காலையில் கலைந்துபோயிருந்த மூட்டம் கடலிலிருந்து மறுபடி பள்ளத்தாக்குகளுக்குள் விரல் நீட்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இறங்க இறங்கக் கண்ணாடி பனித்தது. பின் இருக்கையில் கழற்றிப் போட்டிருந்த சுவெட்டரைக் கையால் துழாவி எடுத்தேன். அதில் பாலைவன மணல் ஒட்டியிருந்தது.

(தொடரும்)