உறுமும், ஆனால் சுழலாது: பழைய சலவை இயந்திரத்துக்கு என்ன ஆனது?

மாணவர்களே, இரட்டைத் தொட்டி கொண்ட பழைய சலவை இயந்திரம் உங்கள் பாட்டி வீட்டில் இன்னும் இருக்கிறதா? சில நாள்களில் அது 'ம்ம்ம்' என்று உறுமும். ஆனால் துணி சுழலாது. "மோட்டார் போய்விட்டது" என்று சொல்லி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோரும் உண்டு. ஆனால், மோட்டார் நன்றாகவே இருக்கலாம். பழுதானது அதனுடன் இணைந்த மின்தேக்கியாக இருக்கக்கூடும்.

ஏன் உறுமுகிறது?

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம். அது ஒரே ஒரு கம்பிச்சுருளில் பாய்ந்தால், உண்டாகும் காந்தப்புலம் சுழலாது. ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். சைக்கிள் மிதி நேர் மேலே இருக்கும்போது அதைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் நகராது. மோட்டாரின் நிலையும் அதுதான்.

இதற்காகவே மோட்டாரில் இரண்டாவது சுருள் ஒன்று இருக்கிறது. மின்தேக்கி அதில் பாயும் மின்னோட்டத்தை ஏறக்குறைய கால் சுழற்சி, அதாவது வினாடியில் 200இல் ஒரு பங்கு, முந்தச் செய்கிறது. இரு சுருள்களும் அடுத்தடுத்து வலுப்பெறுவதால் காந்தப்புலம் சுழல்கிறது, மோட்டாரும் சுழல்கிறது. துவைக்கும்போது நேரக்கருவி மின்தேக்கியை ஒரு சுருளிலிருந்து மற்றதற்கு மாற்றும். அதனால்தான் துணி வலமும் இடமுமாகச் சுழல்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மின்செருகியைக் கழற்றுங்கள். தொட்டியைக் காலி செய்து, அடியிலுள்ள சுழல்தட்டைக் கையால் திருப்புங்கள். இறுகியிருந்தால் அடியில் காசோ துணியோ சிக்கியிருக்கலாம், தாங்கியும் துருப்பிடித்திருக்கலாம். எளிதாகத் திரும்பினால் மின்தேக்கியைச் சந்தேகிக்கலாம்.

பழுதுபார்ப்பவர் அதன் கொள்ளளவை அளந்து பார்ப்பார். 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்க, கருவி 4 என்று காட்டினால் அதை மாற்ற வேண்டியதுதான். புதியதற்கும் அதே மைக்ரோஃபாரட் அளவு இருக்க வேண்டும். அதன் வோல்ட் வரம்பு பழையதைவிடக் குறையக்கூடாது.

கவனம்!

மின்செருகியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். தொட்டால் கடுமையாகத் தாக்கும். ஆகவே பின்மூடியை நீங்கள் திறக்க வேண்டாம்; பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். உறுமும் இயந்திரத்தை ஓடவும் விடாதீர்கள். சுழலாத மோட்டாரில் அதிக மின்னோட்டம் பாய்ந்து சுருள் கருகிவிடும். அப்போதுதான் மோட்டார் உண்மையிலேயே 'போய்விடும்'.